இடப்பக்கத்து ஊக்கு

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். கால் நீட்ட இடம் போதவில்லை என்றால் என் பக்கம் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இன்றைக்கு ஒரு பையைப் பற்றிச் சொல்கிறேன். நேற்று கொடுத்த பையை இன்று வாங்கப் போனால், பையை வாங்கி வைத்த கடையே அங்கே இல்லை. கடைக்குக் கால் முளைக்குமா என்று கேட்பீர்கள். முளைக்கும். வருஷத்தில் ஒரு நாள் முளைக்கும். கேளுங்கள்.

ஒரு பெரிய நகரத்தில் பன்னிரண்டு மாடி ஓட்டல் ஒன்று. அதன் அடித்தளத்தில், சன்னலே இல்லாத நீண்ட அறையில், இருபத்தாறு வருஷமாக இஸ்திரி போட்டவள் ஒருத்தி. மேலே தங்குகிறவர்களின் கோட்டும் கால்சட்டையும் அவள் மேசைக்கு வரும். வந்ததும் இஸ்திரிப் பெட்டியைத் தொடக் கூடாது, முதலில் பையைத் துழாவ வேண்டும். பேனா வரும், மாத்திரை வரும், மனைவிக்குத் தெரியக் கூடாத கடிதம் வரும். எது வந்தாலும் தனியாக எடுத்து வைக்கக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். தனியாக வைத்தால் இவர் சாமான் அவர் கோட்டோடு போய்ச் சேரும். அப்புறம் விருந்தாளி மேலே நின்று கத்துவார், மேனேஜர் கீழே இறங்கி வந்து கத்துவார். அதனால் ஒரு வெள்ளைத் துணி உறையில் போட்டு, அதே கோட்டின் உள்ளே, இடப்பக்கம், ஒரு ஊக்கால் குத்தி அனுப்பிவிட வேண்டும். எந்தத் துணியில் வந்ததோ அந்தத் துணியோடே திரும்பும்.

வேலையிலும் வீட்டிலும் அவள் காலரில் எப்போதும் நாலு ஊக்கு இருக்கும், வீட்டு மேசையிலும் ரெண்டு வெள்ளை உறை கிடக்கும். தூக்கத்தில் எழுப்பி ஒரு கோட்டைக் கொடுத்தாலும் கை தானாகப் பையைத் துழாவும், உறையில் போடும், இடப்பக்கம் குத்தும். மனசு பக்கத்துத் தெருவுக்குப் போய் வரலாம். கைக்கு மனசு தேவையில்லை.

அவளுக்கு ஒரே மகள். லிஃப்ட் பழுது பார்க்கிறவள். கயிறும் எண்ணெயும் இருட்டுக் குழியும்தான் அவள் வேலை. போன வருஷம் ஒரு குழிக்குள் கம்பியில் மாட்டி, இடது கையின் சுண்டுவிரல் நுனி போய்விட்டது. அந்தக் கையோடு அவள் ஒரு நாள் வந்து, "அம்மா, வெளிநாட்டுல ரெண்டு வருஷ வேலை கிடைச்சிருக்கு. அறுபது மாடி, எழுபது மாடி லிஃப்ட் எல்லாம்" என்றாள்.

"பன்னெண்டு மாடிக்கே ஒரு விரல் போச்சு. எழுபது மாடிக்கு எதைக் குடுக்கப் போற?" என்றாள் அம்மா.

வார்த்தை வார்த்தையை இழுத்தது. ஒரு மாசம் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூடச் சண்டைச் சத்தமாகத்தான் கேட்டது. அந்தச் சண்டையில் ஒரு நாள் அம்மா சொல்லிவிட்டாள்: "உன் பாஸ்போர்ட்டை எடுத்து அடுப்புல போடல, என்னன்னு கேளு." அவள் வீட்டுக்காரர் காதில் விழுந்தது. மாடி வீட்டுக்காரி காதிலும் விழுந்தது. வாயிலிருந்து விழுந்ததை யாரால் பொறுக்க முடியும்?

அப்புறம் சண்டை ஓய்ந்தது. சமாதானம் என்று சொல்ல முடியாது, களைப்பு. மகள் மூட்டை கட்ட ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் தராசைத் தொங்கவிட்டு மூட்டையை எடை போட்டுக்கொண்டே இருந்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் பெரிய நீலப் பையின் கைப்பிடி பிய்ந்து வந்தது. மகள் கடைசி நாள் வேலைக்குப் போயிருந்தாள். அம்மாதான் பையைக் காலி செய்து, கூண்டுச் சந்தைக்குக் கொண்டுபோய், பை தைக்கிறவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை. மாலை ஆறு மணிக்கு விமானம். இரண்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். அம்மா, மகள் போட்டுக்கொண்டு போகிற கோட்டைத் தேய்க்க எடுத்தாள். கை பைக்குள் போனது. ஒரு பழைய பஸ் டிக்கெட் வந்தது. இடது கை மேசையில் உறையைத் தேடியது, வலது கை காலரில் ஊக்கைத் தேடியது.

காலரில் மூன்றே ஊக்கு.

அவள் அப்படியே நின்றாள். இஸ்திரிப் பெட்டி மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. நேற்று நீலப் பையைக் காலி செய்யும்போது ஜிப் அறைக்குள் கை போனதும், கனமான ஒரு காகித உறை வந்ததும், அதை ஒரு வெள்ளை உறையில் போட்டதும், பையின் உள்துணியில் இடப்பக்கம் குத்தியதும் இப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் மனசு எங்கே இருந்தது? எழுபதாவது மாடியிலிருந்து யாரோ விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாஸ்போர்ட். வேலைக் கடிதம். இரண்டும் பையோடு பைக்காரரிடம்.

கிடைக்காமல் போனால் மகள் போக முடியாது. அது ஒன்று. இன்னொன்று அதைவிடப் பெரியது: அம்மா வேண்டுமென்றே செய்தாள் என்று மகள் நினைப்பாள். அடுப்பில் போடுகிறேன் என்று சொன்ன வாய்தானே? யாரிடம் போய் என் கை செய்தது, நான் செய்யவில்லை என்று சொல்வது?

பெட்டியை நிறுத்தினாள். "பை வாங்கிட்டு வந்துடுறேன்" என்று குளியலறைக் கதவுக்குச் சொன்னாள். செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், திரும்ப மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

இப்போது கூண்டுச் சந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூற்றைம்பது வருஷக் கட்டடம். நாலு பக்கமும் இரும்புத் தூண், மேலே இரும்பு விட்டம், அதற்கு மேலே கண்ணாடிக் கூரை. புறா எச்சத்தில் பாதிக் கண்ணாடி வெள்ளையடித்த மாதிரி இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு பெரிய பறவையை அடைக்கச் செய்த கூண்டு போலத் தெரியும், அதனால் அந்தப் பெயர். கீழே முன்னூறு கடை. சுற்றி ஒரு மேல்தட்டு, அதில் ஒரு நூறு கடை. வாசல் பக்கத்துக் கடைக்கு வெளிச்சம், கூட்டம், காற்று. உள்மூலைக் கடைக்கு ஈரம், இருட்டு, எலி. கட்டின காலத்திலேயே கடைக்காரர்கள் இதற்காக அடித்துக்கொண்டார்களாம். அப்புறம் ஒரு வழி கண்டார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் குலுக்கல். யாருக்கு எந்த எண் வருகிறதோ அங்கே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மாமியாருக்கு ஒரு காலம், மருமகளுக்கு ஒரு காலம்.

அப்படியானால் வாடிக்கை ஆள் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. போகிறவர் தன் பெயர்ப் பலகையை எட்டு நாளைக்குப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டுப் போவார். அந்த இடத்துக்கு வருகிறவர் அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அதன்மேல் போனவருடைய புது எண்ணைச் சாக்பீஸால் எழுத வேண்டும். ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் எழுத வேண்டும். பைக்காரர் நேற்று இதை அவளிடம் சொன்னார்தான். "நாளைக்கு இடமாத்தம், பலகையைப் பாத்து வந்துரும்மா" என்றார். அவள் காது மட்டும்தான் அங்கே இருந்தது.

பதினொரு மணிக்கு அவள் வாசலில் நுழைந்தபோது உள்ளே பிரளயம். கூடை, பெட்டி, ஏணி, அலமாரி எல்லாம் மனிதர் தலைமேல் நடந்து போயின. மீன் மேடையைக் கழுவிய தண்ணீர் கால்வாயில் ஓடியது. "வழி, வழி, முதுகு வருது" என்று கத்திக்கொண்டே ஒருவர் பின்பக்கமாகப் பீரோவைத் தூக்கி வந்தார். அவள் ஓரமாக ஒதுங்கினாள், ஒதுங்கின இடத்தில் வேறொருவர் கயிற்றுச் சுருளை இறக்கினார். ஓரம் என்று ஒன்று அன்றைக்கு அங்கே இல்லை.

நேற்றுப் பைக்காரர் இருந்த இடத்தை எப்படியோ கண்டுபிடித்தாள். மேல்தட்டுக்கு அடியில், ஒரு தூணுக்கு எதிரே. அங்கே பை இல்லை, தோல் வாசனை இல்லை. சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. வட்டம், சதுரம், முட்டை வடிவம், இருபது முப்பது. அத்தனையிலும் அவள். அத்தனை முகத்திலும் ஒரே திருட்டு முழி.

உச்சியில் பைக்காரரின் பலகை தலைகீழாகத் தொங்கியது. அதில் எண் இல்லை.

மெலிந்த ஆள் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க இருந்த பைக்காரர் எங்க போயிருக்கார்?"

"எந்தப் பைக்காரர்?"

"பலகை உங்க தலைக்கு மேலயே தொங்குதே."

அவர் நிமிர்ந்து, இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "ஆமா, தொங்குது. தொங்கவிடணும்னு வழக்கம். விட்டாச்சு."

"நம்பர் எழுதலையே."

"சாக்பீஸ் இல்ல."

"சட்டைப்பையில இருக்கே."

"அது வேற வேலைக்கு."

பக்கத்துக் கடையில் பொத்தான் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாள் அவளை ஜாடை காட்டி அழைத்தாள். "அவர்கிட்ட கேட்டுப் பிரயோசனம் இல்லம்மா. அவரும் பைக்காரரும் சகலைங்க. அக்காவை இவர் கட்டினார், தங்கச்சியை அவர் கட்டினார். நாலு வருஷமா பேச்சு இல்ல."

"ஏன்?"

"பைக்காரர் கல்யாணத்துல எல்லாரும் சேந்து போட்டோ எடுத்தாங்க. அதைச் சட்டம் போட்டு மாட்டும்போது சட்டம் சின்னதாப் போச்சுன்னு ஓரத்தைக் கத்தரிச்சுட்டாரு அந்த மனுஷன். ஓரத்துல நின்னது இவரு. பாதி மூஞ்சி போச்சு. ஊருக்கெல்லாம் முழு மூஞ்சி காட்டிப் பொழைக்கிற ஆளுக்குப் பாதி மூஞ்சி."

"இன்னைக்கு அவர் எங்க போனாருன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? காலையிலருந்து என் சின்ன பொத்தான் மூட்டை எங்கன்னே எனக்குத் தெரியல."

அவள் வாசல் காவலாளியிடம் ஓடினாள். அவர் தீர்க்கதரிசி போலக் கண்ணை மூடி யோசித்தார். "தையல் மெஷின் வெச்சிருக்கிற ஆளு. கனம் ஜாஸ்தி. மேல குடுக்க மாட்டாங்க. கீழயே பாரு, வடக்கு வரிசை."

வடக்கு வரிசையில் பார்த்தாள். விதைக்கடை, பூட்டுக்கடை, பழைய புத்தகக்கடை. தெற்கு வரிசையில் பார்த்தாள். ஆபீஸுக்குப் போனாள். அங்கே இருந்தவர், "புது லிஸ்ட் சாயங்காலம் ஒட்டுவோம்" என்றார்.

"எனக்குச் சாயங்காலம் கிடையாது, ஐயா."

"எல்லாருக்கும் உண்டும்மா சாயங்காலம்" என்றார் அவர், ரொம்ப அமைதியாக. அவரை அடிக்கலாம் போல இருந்தது.

ஒவ்வொரு தலைகீழ்ப் பலகையையும் கழுத்தைச் சாய்த்துப் படித்துக்கொண்டே நடந்தாள். கத்திக்காரர் 41க்குப் போயிருந்தார். கூடைக்காரர் 207க்கு. கடிகாரக்காரர் எங்கே போனார் என்பது பெரிய எழுத்தில் இருந்தது, அடிக்கோடு வேறு. உலகத்தில் எல்லோரும் எங்கே போனார்கள் என்று எழுதி வைத்திருந்தது, அவளுக்கு வேண்டிய ஒருவரைத் தவிர. கழுத்து வலித்தது. உட்காரச் சொல்லி ஒரு பாய்க்கடைக்காரி முக்காலியை நகர்த்தினாள். அவள் உட்கார்ந்தாள், உட்கார்ந்த சூட்டிலேயே எழுந்தாள். இருப்புக் கொள்ளவில்லை.

அவள் சுற்றின வரிசையையே மறுபடி சுற்றினாள். ஒரு தூணின் அடியில் நிற்கும்போது மனசு மெதுவாக ஒன்று சொன்னது, குழந்தை காதில் சொல்கிற மாதிரி: கிடைக்கலன்னா அவ போக மாட்டா. வீட்லயே இருப்பா. விரல் ஒன்பதேமுக்காலும் பத்திரமா இருக்கும். அவள் திடுக்கிட்டுத் தூணை விட்டு நகர்ந்தாள், தூண் பேசிவிட்டது போல.

அப்போது போன் அடித்தது. மகள்.

"அம்மா, நீலப் பை ஜிப்புக்குள்ள ஒரு கவர் வெச்சிருந்தேன். காலி பண்ணும்போது எடுத்தியா?"

"வீட்லதான் இருக்கும். வந்து எடுத்துத் தரேன்."

"எங்க வெச்ச? சொல்லு, நானே எடுத்துக்கிறேன்."

"எனக்கு இங்க சரியா கேக்கல" என்று சொல்லி வைத்துவிட்டாள். நன்றாகத்தான் கேட்டது. பின்னணியில் அலமாரி இழுப்பறைகளை வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக இழுத்து மூடுகிற சத்தம்கூடக் கேட்டது.

மணி பன்னிரண்டு ஐந்து. அவள் கண்ணாடிக் கடைக்கே திரும்பி வந்தாள். இந்த முறை அண்ணே என்று கூப்பிடவில்லை. கடைக்குள்ளேயே நுழைந்து, முப்பது முகத்தோடு அவர் முன்னால் நின்றாள்.

"உங்க சண்டை எனக்கு வேண்டாம். என் பொண்ணு இன்னைக்கு ஊருக்குப் போறா. பாஸ்போர்ட் அந்தப் பைக்குள்ள இருக்கு. நான்தான் தெரியாம வெச்சுக் குடுத்துட்டேன்."

அவர் சுத்தியலை இறக்கினார். "பாஸ்போர்ட்டை யாராவது தைக்கக் குடுப்பாங்களா?"

"கை செஞ்சுது. நான் ஓட்டல்ல இஸ்திரி போடுறவ. பையில என்ன இருந்தாலும் அந்தத் துணியிலயே குத்தி அனுப்புறதுதான் எங்க வழக்கம். நேத்து யோசனையில இருந்தேன், கை அதும்பாட்டுக்குச் செஞ்சுடுச்சு. அவ போறது எனக்குப் பிடிக்கல. பாஸ்போர்ட்டை அடுப்புல போடுவேன்னு வாய் விட்டிருக்கேன். இப்ப போய்ச் சொன்னா யாரு நம்புவா?"

அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார், நேராகப் பார்க்காமல். "நெஜமாவே மறந்துதான் செஞ்சீங்களா?"

இதை அவளிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொள்ளவில்லை. முப்பது முகமும் பதில் சொல்லக் காத்திருந்தன.

"கை செஞ்சுது, அண்ணே" என்றாள். "கைக்குள்ள மனசு இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியல. ஆனா தேடி வந்தது நான். அதுல சந்தேகம் இல்ல."

அவர் சுத்தியலின் கைப்பிடியைச் சட்டையில் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தும் துடைத்தார்.

"நான் அவன் பேரைச் சொல்றதில்லன்னு என் மாமியார் மேல சத்தியம் பண்ணியிருக்கேன். அந்தக் கிழவி இன்னும் உயிரோட இருக்கு. அதனால வாயால சொல்ல மாட்டேன். இப்படி வந்து நில்லுங்க."

எதிர்த் தூணில் ஒரு நீளமான கண்ணாடி மாட்டியிருந்தது. மற்ற கண்ணாடிகள் நேராக இருக்க, அது மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சுட்டிய இடத்தில் நின்று பார்த்தாள். கண்ணாடிக்குள் மேல்தட்டின் கம்பி அழி தெரிந்தது. அழிக்குப் பின்னால் தையல் மெஷின், தொங்குகிற பைகள், குனிந்த ஒரு வழுக்கைத் தலை. அவர்களுக்கு நேர் மேலே. கடையின் கூரைதான் பைக்காரரின் தரை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு சந்தை முழுக்க நெய்க்கு அலைந்திருக்கிறாள்.

கண்ணாடியில் தெரிந்தவர் ஒரு பெட்டியை மேலே தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். "முட்டாள், அந்த ஆணி தாங்காது" என்றார் கண்ணாடிக்காரர், தனக்குத்தானே. காலையிலிருந்து அவர் இந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. நாலு வருஷமாகப் பேசாதவர்.

அவள் படியேறினாள். ஏறினாள் என்றா சொன்னேன், ஓடினாள். நடுப்படியில் ஒரு அலமாரி இறங்கி வந்தது. அதன் காலுக்கு அடியில் குனிந்து போனாள்.

"வந்துட்டியாம்மா" என்றார் பைக்காரர். "எனக்குத்தான் இந்த வருஷம் மாடி. நாலு பேர் சேந்து மெஷினைத் தூக்கினாங்க. அதுல ஒருத்தருக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு, இப்ப அவரையும் தூக்கணும். இந்தா, உன் பை. ஒரு பக்கம் தெச்சாச்சு. இன்னொரு பக்கம் பத்து நிமிஷம். ஏம்மா, உள்ள அது என்ன, ஊக்கு? கழட்டலாம்னு போனேன், விரல்ல ஏறிடுச்சு."

அவள் பைக்குள் கையை விட்டாள். இடப்பக்கம். வெள்ளை உறை. கனம் இருந்தது. தடவிப் பார்த்தாள், அட்டையின் ஓரம் தட்டுப்பட்டது. அங்கேயே, அந்தக் கம்பி அழியில் சாய்ந்துகொண்டாள்.

"உக்காரும்மா."

"முடியாதுங்க."

இப்போது சொல்ல வேண்டியதில்லை என்று மனசு சொன்னது. வீட்டுக்குப் போய், அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது என்று கொடுத்துவிடலாம். ஒரு பொய், ஒரு நிமிஷம். யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டு வருஷம் மகள் நல்லபடி நினைத்துக்கொண்டிருப்பாள். கீழே சந்தை இரைந்துகொண்டிருந்தது. அவள் போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

"பாப்பா."

"கிடைச்சுதா?" மகளின் குரல் கம்பி போல இறுகியிருந்தது. "அம்மா, உள்ளதைச் சொல்லு. நீ எடுத்து வெச்சிருக்கியா?"

"ஆமா. நான்தான் எடுத்தேன். எடுத்து உறையில போட்டு அந்தப் பையிலயே குத்தி, தைக்கக் குடுத்துட்டேன். காலையில கோட்டைத் தேய்க்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. உன்கிட்ட சொல்லப் பயந்துக்கிட்டுத் தேடி ஓடி வந்தேன். அப்ப கேட்டப்போ பொய் சொன்னேன். இப்ப கையில இருக்கு."

அந்தப் பக்கம் இழுப்பறைச் சத்தம் நின்றுவிட்டது. பைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டார்.

"எந்தப் பக்கம் குத்தியிருக்க?" என்றாள் மகள்.

"என்னது?"

"ஊக்கு. எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

மகள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "ஸ்கூலுக்குப் போகும்போது என் சட்டையிலயும் இடப்பக்கம்தான் குத்துவ. பஸ் காசு, டீச்சருக்கு லெட்டர், எல்லாம். மறைச்சு வைக்கிறவங்க ஊக்கு குத்தி, அந்தப் பையிலயே குடுத்து அனுப்ப மாட்டாங்கம்மா. அடுப்பு பக்கத்துலயே இருந்துச்சு."

அவள் கம்பி அழியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா பொய் சொன்னதுக்கு நான் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள் மகள்.

"கோவமாவே இரு."

"நான் போறது உனக்கு இப்பவும் பிடிக்கலல்ல?"

"இப்பவும் பிடிக்கல. இதோ, பையோட வரேன்."

பைக்காரர் மெஷினை மறுபடி ஓட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, எண்ணெயைத் துடைத்தாரா, தெரியவில்லை. கைப்பிடியின் கடைசித் தையலைப் போடும்போது தலை நிமிராமலே கேட்டார்: "கீழ பலகையில நம்பர் எழுதியிருந்துச்சா?"

"இல்ல."

"தெரியும் எனக்கு. காலையிலருந்து ஒரு வாடிக்கை வரல. பின்ன எப்படிக் கண்டுபிடிச்ச? அந்த ஆள் வாயைத் தொறந்தாரா?"

"தொறக்கல. தூண்ல ஒரு கண்ணாடி மாட்டியிருக்கார். அதைக் காட்டினார்."

பைக்காரர் ஊசியை நிறுத்தினார். அழி வழியாக எட்டிப் பார்த்தார். "அதுல நான் தெரியுறேனா?"

"தெரியுறீங்க. தலையிலருந்து கால்வரைக்கும், முழுசா."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு அந்தக் கண்ணாடி இருக்கும் திசையில் ஒரு முறை தலையை ஆட்டினார், வணக்கம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

கீழே வந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. நேரம் இல்லைதான். இருந்தும் அவள் கண்ணாடிக் கடை முன்னால் நின்று கையை நீட்டினாள். கண்ணாடிக்காரர் அந்தக் கையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார்.

"நான் எழுதல" என்றார்.

"நீங்க எழுதல."

"யாராவது எழுதினா நான் ஏன் தடுக்கணும்?"

அவள் அங்கே கிடந்த ஒரு முக்காலியில் ஏறி, மேலே பைக்காரர் கடையில் பார்த்த எண்ணை, 'மாடி 388' என்று எழுதினாள். பலகை தலைகீழாக இருந்ததால் எழுத்துக்கு எது மேல், எது கீழ் என்று ஒரு நொடி குழம்பினாள். இறங்கியதும் அவர் எட்ட நின்று பார்த்தார். "எட்டு கொஞ்சம் கோணல்" என்றார், ஆனால் அழிக்கவில்லை. பொத்தான்காரம்மா டப்பாவுக்குப் பின்னால் சிரித்தாள்.

வீட்டு வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். பையை வாங்கினாள். உறையைக் கழற்றினாள், திறந்து பார்க்கவில்லை. அப்படியே தன் கோட்டின் உள்ளே, இடப்பக்கம், அதே ஊக்கால் குத்திக்கொண்டாள். சுண்டுவிரல் நுனி இல்லாத கையால் ஊக்கு மாட்ட நேரமானது. அம்மாவின் கை இரண்டு முறை முன்னால் போய், இரண்டு முறையும் திரும்பி வந்தது. மகளே மாட்டி முடித்தாள்.

"கிடைக்காமப் போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்டாள்.

"அழுதிருப்பேன்."

"அவ்வளவுதானா?"

"கொஞ்சம் சந்தோஷமாவும் அழுதிருப்பேன்."

மகள் சிரித்தாள். சிரித்த வாய் கோணி, அம்மாவின் தோளில் வந்து விழுந்தது. உள்ளேயிருந்து வீட்டுக்காரர், பையை மறுபடி எடை போட வேண்டும், புதுக் கைப்பிடி எவ்வளவு கனமோ என்று சத்தம் போட்டார். இரண்டு மணிக்கு வண்டி வந்தது. அவள் போனாள். அம்மா தெருமுனை வரை வண்டியின் பின்னால் நடந்தாள், அப்புறம் வீட்டுக்குள் நடந்தாள், அப்புறம் மறுபடி தெருமுனைக்கு நடந்தாள். அன்றைக்கு அவள் கால் ஓயவே இல்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்திருங்கள், கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டில் தேடுகிற பொருள் தேடுகிற கைக்கே கிடைக்கட்டும். போகிற பிள்ளைகள் முழு உடம்போடு திரும்பி வரட்டும். சொல்ல வேண்டிய உண்மை, வண்டி போவதற்கு முன்னாலேயே வாயில் வரட்டும். உங்கள் வாசலில் எந்தப் பலகையும் எண் இல்லாமல் தொங்க வேண்டாம். தேடி வருகிறவர்கள் வழி தெரிந்து வரட்டும், வந்தவர்களுக்கு உட்கார ஒரு முக்காலியும், மனசுக்கு ஒரு நிம்மதியும் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.